ஊழியம் செய்யும் இசை

கலைகளுள் சில தம் காலில் தாமே நிற்பவை என்றும், வேறு சில பிறிதொன்றைச் சார்ந்து நிற்பவை என்றும் பிரித்துப் பார்ப்பது திறனாய்வாளர் வழக்கம். இசை அரங்கில் தனித்து ஒலிக்கும் சிம்பொனி முதல் வகையைச் சேரும். நாடகத்துக்கும் நடனத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதப்படும் இசை இரண்டாம் வகையைச் சேரும். இந்தப் பிரிவினையில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பிரித்த கையோடு நாம் தரமும் குறித்துவிடுகிறோம். தனித்து நிற்பது உயர்ந்தது என்கிறோம். பிறிதொன்றுக்கு ஊழியம் செய்வது தாழ்ந்தது என்கிறோம். இத்தீர்ப்பு நேரியதுதானா? இத்தாலிய இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனே, 1986-இல் வெளிவந்த 'தி மிஷன்' என்னும் பிரித்தானியத் திரைப்படத்துக்கு அமைத்த இசையைத் துணையாகக் கொண்டு இக்கேள்விக்கு விடை தேடுவோம்.

காட்சிக்குப் பின்னே நிற்பது

நம் நாட்டில் திரையிசை என்றதும் பாடல்களே நினைவுக்கு வருகின்றன. மேனாடுகளில் அச்சொல் பெரும்பாலும் பின்னணி இசையையே குறிக்கும். பேசாத படங்களின் காலத்தில் திரைக்கு அருகே அமர்ந்து ஒருவர் பியானோ வாசிப்பார். பெரிய அரங்குகளில் வாத்தியக் குழு ஒன்றே இருக்கும். படம் காட்டும் கருவியின் இரைச்சலை மறைப்பதற்காகவே இவ்வழக்கம் தோன்றியது என்பாரும் உளர். 1908-இல் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற இசைவல்லுநர் கமில் சேன்-சான்ஸ், 'கீஸ் கோமகனின் கொலை' என்ற குறும்படத்துக்கென்றே இசை எழுதித் தந்தார். பேசும் படம் வந்த பின்னர், 1933-இல் 'கிங் காங்' படத்துக்கு மாக்ஸ் ஸ்டெய்னர் எழுதிய இசை ஹாலிவுட்டுக்கு ஓர் இலக்கணத்தை வகுத்துக் கொடுத்தது எனலாம். அச்சத்துக்கு ஒரு முழக்கம், காதலுக்கு வயலின்களின் குழைவு, ஒவ்வொரு மாந்தருக்கும் ஒரு மெட்டு என்று அவ்விலக்கணம் விரிந்தது. அப்படத்தில் தீவின் தலைவன் நடந்து வரும்போது, அவன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் வாத்தியங்கள் ஒலி கொடுப்பதை இன்றும் கேட்கலாம்.

இவ்விலக்கணத்தின் அடியில் ஓர் எண்ணம் மறைந்திருந்தது. பின்னணி இசை செவியில் விழவேண்டும். ஆனால் கவனத்தில் விழக்கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தினர் ஏவலாளின் முகத்தை நினைவில் கொள்ளாமல் போவது போல, படம் பார்த்தவர் இசையை நினைவில் கொள்ளாமல் வீடு திரும்பவேண்டும். ஹான்ஸ் ஐஸ்லர், மெய்யியலாளர் தியோடர் அடோர்னோவுடன் இணைந்து எழுதி 1947-இல் வெளியிட்ட நூல் இந்த எண்ணத்தைத்தான் கடுமையாகச் சாடியது. காட்சி சொன்னதையே திரும்பச் சொல்லும் இசை எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். அக்கேள்வி இன்றும் பழுதாகவில்லை. அழும் முகத்தைக் காட்டிவிட்டு, 'இவள் அழுகிறாள்' என்று வயலின்களைக் கொண்டு நமக்கு அறிவிக்கும் படங்கள் இன்றும் எத்தனையோ வருகின்றன.

பின்னணி இசையை எழுதுபவனுக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு. காட்சி எத்தனை நொடி ஓடுகிறதோ, அத்தனை நொடிக்குள் அவன் தொடங்கி முடிக்கவேண்டும். மாந்தர் பேசும்போது அவர்கள் சொல் அமிழ்ந்து போகாதபடி வாத்தியங்களை அடக்கவேண்டும். தன் மெட்டு மலரப்போகும் வேளையில் காட்சி மாறினால், அந்த மொட்டைக் கிள்ளி எறியவும் வேண்டும்.

ஆயினும் இத்தகைய நெருக்கடி திரைப்படத்தோடு பிறந்ததன்று. திருச்சபையின் இசை பல நூற்றாண்டுகளாக இதனோடு வாழ்ந்து வந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில், பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் பாடும் கலை செழித்திருந்தது. அப்பின்னலுக்குள் திருவழிபாட்டின் சொற்கள் புரியாமல் போகின்றன என்ற குறை, 1562-இல் திரெந்து பொதுச்சங்கத்தின் ஆய்வில் எழுந்தது. இசை செவிக்கு வெற்றின்பம் தருவதாய் அமையாமல், சொல் எல்லாருக்கும் விளங்கும்படி அமையவேண்டும் என்பதே அங்கு எழுந்த கருத்து. பலெஸ்த்ரீனா தம் 'மார்செல்லுஸ் திருத்தந்தையின் திருப்பலி இசை'யைக் கொண்டு பல்குரல் இசையைத் தடையிலிருந்து காப்பாற்றினார் என்பது பிற்காலத்தார் புனைந்த கதை. ஆனால் அவ்விசையைக் கேட்பவர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். ஆறு குரல்கள் ஒருங்கே நகர்ந்தாலும் சொல் மறைவதில்லை. சொல்லுக்கு வழிவிட்டதனால் இசை குன்றிப்போகவும் இல்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம், திருஇசைக்கு உரியது பணிபுரியும் பங்கு என்று உரைக்கிறது. பலிபீடத்துக்கு ஊழியம் செய்ததனால் பலெஸ்த்ரீனா சிறிய கலைஞர் என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறாயின், ஊழியம் என்னும் நிலையே ஒரு கலையைத் தாழ்த்திவிடாது. எதற்கு ஊழியம், எவ்வாறு ஊழியம் என்பவையே கேட்கத் தக்க கேள்விகள்.

இரு மனம் கொண்ட கலைஞர்

மோரிக்கோனே 1928-இல் உரோமை நகரில் பிறந்தார். அவர் தந்தை எக்காளம் ஊதிப் பிழைத்த வாத்தியக் கலைஞர். மகனும் அதே கருவியைக் கற்று, சாந்தா செசிலியா இசைக்கல்லூரியில் 1946-இல் பட்டயம் பெற்றார். பின்னர் கொஃப்ரெதோ பெத்ராசியிடம் இசையாக்கம் பயின்று 1954-இல் அதிலும் தேர்ந்தார். பெத்ராசி அக்கால இத்தாலியின் முதன்மையான இசை அறிஞருள் ஒருவர். அவரிடம் பயின்றவர்கள் தூய இசைக்கே தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது அவ்வட்டாரத்தின் எழுதாத விதி. மோரிக்கோனேயோ குடும்பத்தைக் காக்க இசைத்தட்டு நிறுவனத்துக்கும் வானொலிக்கும் பாடல்களுக்கு வாத்திய அமைப்பு எழுதினார். 1961-இல் முதன்முதலாகத் தம் பெயரில் ஒரு படத்துக்கு இசையமைத்தார். 1964-இல், தம்முடன் தொடக்கப் பள்ளியில் ஒரே வகுப்பில் இருந்த செர்ஜியோ லியோனே இயக்கிய படத்துக்கு இசை தந்தபோது, திரையில் வந்த பெயர் டான் சாவியோ. அமெரிக்கப் படம் போலத் தோன்றவேண்டும் என்று இத்தாலியக் கலைஞர் பலர் அன்று ஆங்கிலச் சாயல் கொண்ட பெயர்களைப் பூண்டனர். ஆயினும் ஆசிரியரின் முகத்தை எண்ணி வாழ்ந்த ஒரு மாணவருக்கு அப்புனைபெயர் நல்ல மறைவிடமாகவும் இருந்திருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுகிறது.

'தனித்த இசை' என்றும் 'பயன்பாட்டு இசை' என்றும் அவர் தம் படைப்புகளை வாழ்நாள் முழுவதும் இரண்டாகப் பிரித்தே பேசினார். படங்களுக்கு எழுதிக்கொண்டே தனித்த இசையையும் விடாது எழுதி வந்தார். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்குமாக நானூறுக்கு மேற்பட்ட படைப்புகளுக்கு இசை தந்த ஒருவர், தாம் செய்வது முழுமையான கலைதானா என்ற ஐயத்தை நெடுங்காலம் சுமந்தார் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வேடிக்கை என்னவெனில், பெத்ராசியே 1949-இல் 'கசப்பு அரிசி' என்ற புகழ்பெற்ற இத்தாலியப் படத்துக்கு இசை எழுதியவர்.

லியோனேயுடன் அவர் செய்தவற்றுள் ஒன்று இங்கே நமக்கு முதன்மையானது. 1968-இல் வந்த 'மேற்கே ஒரு காலத்தில்' என்ற படத்துக்கு, படப்பிடிப்புக்கு முன்னரே மெட்டுகளை எழுதிப் பதிவு செய்துவிட்டார். லியோனே அவற்றைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கச் செய்தார். நடிகர் நடந்த நடையும் கருவி நகர்ந்த வேகமும் அவ்விசைக்கு இயைந்தன. ஏவலாள் இங்கே பின்னே வரவில்லை. விளக்கை ஏந்தி முன்னே நடந்தான். அதே படத்தின் தொடக்கத்திலோ, ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு, வாத்திய இசையே இல்லை. பாழடைந்த இரயில் நிலையத்தில் மூவர் காத்திருக்கின்றனர். காற்றாலையின் கிறீச்சொலி, தொப்பிமேல் சொட்டும் நீர், ஓர் ஈயின் ரீங்காரம் ஆகியவை மட்டும் கேட்கின்றன. எழுதும் ஆற்றல் மிக்க ஒருவர், அத்தனை நீண்ட காட்சியை இயற்கையின் ஒலிகளுக்கே விட்டுவிட உடன்பட்டார். எங்கே எழுதக்கூடாது என்று அறிவதும் இக்கலையின் பகுதியே என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார் எனலாம்.

மூன்று கட்டுகள்

'தி மிஷன்' படத்தை ரோலண்ட் ஜாஃபே இயக்கினார். இராபர்ட் போல்ட் திரைக்கதை எழுதினார். 1986-இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதை அது பெற்றது. கதை நிகழ்வது தென் அமெரிக்காவில், 1750-களில். இயேசு சபைத் துறவியர் குவாரனி மக்களிடையே அமைத்திருந்த ஊர்கள் அங்கே இருந்தன. 1609-இல் தொடங்கி முப்பது ஊர்களாக வளர்ந்த இவ்வமைப்பில், 1732-இல் ஏறத்தாழ 1,40,000 பேர் வாழ்ந்தனர். 1750-இல் ஸ்பெயினும் போர்த்துகலும் மத்ரீத் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. உருகுவாய் ஆற்றின் கிழக்கே இருந்த ஏழு ஊர்கள் போர்த்துகலுக்குக் கைமாறின; அங்கு வாழ்ந்தோர் வெளியேறவேண்டும் என்றாயிற்று. மக்கள் மறுத்தனர். போர் மூண்டது. 1756 பிப்ரவரியில் காய்போதே என்ற இடத்தில் ஏறத்தாழ 1,500 குவாரனியர் மடிந்தனர்.

இந்த வரலாற்றுக்குள் படம் இரண்டு மனிதரை நிறுத்துகிறது. ஒருவர், அருவிப் பாறைகளில் ஏறிச் சென்று ஓபோ வாசித்து மக்களை அணுகும் அருள்தந்தை காபிரியேல். ஜெரமி அயன்ஸ் இவ்வேடம் ஏற்றார். மற்றவர், அம்மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்று, தம்பியைக் கொன்று, மனம் மாறித் துறவியான மென்டோசா. இவ்வேடம் இராபர்ட் டி நிரோவுடையது. இறுதியில் ஒருவர் ஆயுதம் ஏந்தி மடிகிறார். மற்றவர் நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி மடிகிறார்.

எடுத்து முடித்த படத்தை மோரிக்கோனேவுக்கு இசையின்றிக் காட்டினார்கள். பார்த்தவர் கண்ணீர் விட்டார். பின் இசையமைக்க மறுத்தார். இப்படம் இசையின்றியே நிறைவாக இருக்கிறது, நான் எழுதினால் கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பிறகே இணங்கினார். இந்த மறுப்பை நாம் வெறும் அடக்கமாகக் கொள்ளக்கூடாது. இது ஒரு திறனாய்வாளரின் தீர்ப்பு. தன் கலை தேவைப்படாத இடம் ஒன்று இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்காதவன், தேவைப்படும் இடத்திலும் அளவோடு எழுத மாட்டான்.

இணங்கியபின் அவரை மூன்று கட்டுகள் கட்டின. முதற் கட்டு ஓபோ. நம் நாகசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி கொண்டு ஊதப்படும் மேனாட்டுக் குழல் அது, ஒலியோ மென்மையானது. நடிகர் அக்கருவியை வாசிக்க அறியாதவர். அவர் விரல்கள் அசைந்த காட்சியோ முன்னரே படமாகிவிட்டது. அந்த விரல்களின் அசைவுக்கும், பதினெட்டாம் நூற்றாண்டின் அணிநலன்களுக்கும் இயைய மெட்டு பிறக்கவேண்டும். இரண்டாம் கட்டு வழிபாட்டு இசை. துறவியர் அம்மக்களுக்குக் கற்பித்திருக்கக்கூடியது திரெந்து சங்கத்துக்குப் பிந்திய பல்குரல் இசையாதலால், அந்நெறியில் ஒரு பாடல் எழுதவேண்டும். மூன்றாம் கட்டு மண்ணின் இசை. துறவியர் வருமுன்னரே அம்மக்களிடம் இருந்த தாளமும் குரலும் ஒலிக்கவேண்டும்.

முதல் மெட்டு தோன்றும் காட்சியை நினைவில் கொள்வோம். காட்டின் நடுவே ஒருவர் தனியே அமர்ந்து ஊதுகிறார். அவருக்கு முன் வந்த துறவியைச் சிலுவையில் கட்டி அருவியில் விட்டவர்கள் அந்த மரங்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். மெட்டு எழுகிறது, தயங்குகிறது, ஒரு சுரத்தைச் சிறு சுழிப்புகளால் அலங்கரித்து, மீண்டும் எழுகிறது. இசைத்தட்டில் கேட்டால் அச்சுழிப்புகள் அழகு மட்டுமே. படத்திலோ அவை அஞ்சி நடுங்கும் ஒரு மனிதரின் மூச்சாகின்றன. ஆயுதம் தாங்கியவர்கள் சூழ்கிறார்கள். அவர்களுள் ஒருவர் குழலைப் பிடுங்கி முறிக்கிறார். இங்கே இசை காட்சிக்குப் பின்னே ஒலிக்கவில்லை. காட்சியின் உள்ளேயே பிறந்து, உள்ளேயே முறிகிறது. பின்னர் அதே மெட்டை வாத்தியக் குழு முழுதும் எடுத்து ஒலிக்கும்போது, முறிந்த அக்குழலின் நினைவும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

மூன்று இழைகளும் ஒன்றாய் இணையும் பகுதிக்கு 'விண்ணுலகில் போல மண்ணுலகிலும்' என்ற பொருள்படும் பெயர் சூட்டப்பட்டுள்ளது. முரசின் தாளத்தின் மேல் பாடகர் குழு எழுகிறது. அதன்மேல் ஓபோவின் மெட்டு மிதந்து வருகிறது. கூர்ந்து கேட்டால், எந்த இழையும் மற்றொன்றுக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை என்பது புலனாகும். வழிபாட்டுப் பாடல் தாளத்தை அடக்கவில்லை. தாளமும் மெட்டின் நிதானத்தைக் குலைக்கவில்லை. தனித்தனியே நடக்கவும், இருவர் இருவராய் நடக்கவும், மூவரும் ஒருங்கே நடக்கவும் ஏற்றவாறு அவை முன்கூட்டியே நெய்யப்பட்டிருக்கின்றன. பெத்ராசியின் மாணவர் கற்ற அத்தனை நுணுக்கமும் இங்கே வெளிப்படுகிறது. தனித்த இசைக்கென்று அவர் காத்து வைத்திருந்த கல்வி, பயன்பாட்டு இசையில்தான் நிறைவு கண்டது. கட்டுகள் அவரைக் குறுக்கவில்லை. அவர் யார் என்று அவருக்கே காட்டின.

அழகின்மேல் ஒரு வழக்கு

இத்துடன் நாம் நிறுத்திக்கொண்டால் அது புகழுரையாகவே முடியும். இவ்விசையின்மேல் தொடுக்கத்தக்க வழக்கு ஒன்று உண்டு. மூன்றாவது இழை உண்மையில் யாருடைய குரல்? அது குவாரனியர் வழிவழியாகப் பாடிய இசை அன்று. உரோமையர் ஒருவர் அவர்களுக்காகக் கற்பனை செய்தது. பாடகர் குழு உரக்கப் பாடும் சொற்களும் இலத்தீன் மொழியில்தான் உள்ளன. திரையில் குவாரனியராகத் தோன்றுபவர்கள்கூடக் கொலம்பியா நாட்டின் வவுனானா இனத்தவர். ஒரு மக்களின் அழிவைக் கூறும் படத்தில் அம்மக்களின் சொந்தக் குரல் எங்கே என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

படத்தின் ஒரு காட்சி இவ்வழக்கை இன்னும் கூர்மையாக்குகிறது. திருத்தந்தையின் தூதர் முன்னிலையில் ஒரு குவாரனிச் சிறுவன் நிறுத்தப்படுகிறான். அவன் இனிய குரலில் வழிபாட்டுப் பாடல் ஒன்றைப் பாடுகிறான். இவர்கள் விலங்குகள் என்று வாதிடும் ஸ்பானிய அதிகாரிக்கு, அப்பாடல் துறவியர் தரும் மறுமொழி. நம் உள்ளம் சிறுவனின் பக்கம் சாய்கிறது; சாயவேண்டும் என்றே காட்சியும் அமைந்துள்ளது. ஆனால் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். ஐரோப்பியரின் பாடலைப் பாடியதால்தான் அவன் மனிதன் என்று மெய்ப்பிக்கப்படுகிறான் என்றால், தன் பாட்டனின் பாடலைப் பாடியிருந்தால் அவன் யார்? இசையைச் சான்றாக ஏற்கும் நீதிமன்றம், எந்த இசையைச் சான்றாக ஏற்பது என்பதையும் தானே முடிவு செய்கிறது. ஒரு வாத்தியக் குழு மட்டும் கையில் இருந்திருந்தால் இயேசு சபையினர் அக்கண்டம் முழுவதையும் பணிய வைத்திருப்பர் என்ற பொருளில் அத்தூதரே படத்தில் பேசுகிறார். பாராட்டுப் போல் தோன்றும் அச்சொல்லுக்குள் ஒரு கத்தி இருக்கிறது. இசை மனத்தைத் திறக்கும். திறந்த வாசல் வழியே படையும் நுழையும்.

எனவே ஊழியம் செய்வது தாழ்வன்று என்று கூறினால் மட்டும் போதாது. அதிகாரத்துக்கும் இசை ஊழியம் செய்யும்; அதையும் அழகாகவே செய்யும். மோரிக்கோனேயின் இசை இந்த இடரை முழுதும் கடந்துவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். ஒன்றை மட்டும் அவர் சார்பில் சொல்லலாம். இழைகள் இணையும் பகுதியில் முரசை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் நகராமல் நின்றுவிடும். அங்கு மண்ணின் தாளம் வெறும் அலங்காரம் அன்று. மற்றவை மிதித்து நடக்கும் தரையே அதுதான். கற்பனை செய்த குரல் ஆயினும், அதற்கு அவர் கடைசி இருக்கையைத் தரவில்லை. ஆயினும் குறை குறையே. அக்குறையை வரலாற்றின் துணை கொண்டுதான் நாம் நிரப்பவேண்டும்.

ஆற்றில் மிதந்த வயலின்

வரலாறு படத்தைவிட வியப்பானது. அவ்வூர்களில் இருந்த பழங்குடியினர் இசையைக் கேட்டு மயங்கியவர்கள் மட்டும் அல்லர். வயலினும் ஆர்ப்பும் ஓபோவும் அவர்கள் கையால் செய்யப்பட்டன. தீரோல் நாட்டிலிருந்து சென்ற அந்தோன் செப் என்ற துறவியின் முயற்சியால் யாப்பெயு என்னும் ஊர் இசைக்கருவிகள் செய்யும் நடுவமாகவே விளங்கியது. தொமெனிகோ சிப்போலி என்ற இத்தாலியர் 1688-இல் பிராத்தோ நகரில் பிறந்தவர். உரோமையில் இயேசு சபையின் தாய்க் கோவிலான ஜெசு ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். புகழ் கைக்கு எட்டிய வேளையில் சபையில் சேர்ந்து, 1717-இல் கப்பல் ஏறினார். குருப்பட்டம் தர அங்கே ஆயர் இல்லாமையால் அதைப் பெறாமலே 1726-இல் கோர்தொபா பகுதியில் இறந்தார். அவர் எழுதியவை கைப்படிகளாக ஊர் ஊராகப் பரவின.

1767-இல் ஸ்பெயின் அரசர் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றினார். துறவியர் போய்விட்டனர், இசை போகவில்லை. குவாரனியரின் ஊர்களுக்கு வடக்கே, இன்றைய பொலிவியாவில், சிக்கித்தோஸ் பகுதியில் வாழ்ந்த வேறொரு மக்கள் அந்தக் கைப்படிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். 1972-இல் அங்குள்ள பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கும் பணியை ஹான்ஸ் ரோத் தொடங்கினார். அப்பணியின்போது ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட இசைச் சுவடிகள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. ஐரோப்பாவில் மறக்கப்பட்ட சிப்போலியின் படைப்புகள் பல அவற்றுள் இருந்தன. கற்பித்தவர்கள் போனபின் இருநூறு ஆண்டுகள் அவ்விசையைக் காத்தவர்களை இனியும் 'மயங்கியவர்கள்' என்று அழைப்பது பொருந்தாது. அவர்கள் அவ்விசையின் உரிமையாளர்கள்.

இதனை அறிந்தபின் படத்தின் இறுதிக் காட்சி நமக்கு வேறு பொருள் தருகிறது. ஊர் எரிந்து முடிந்துவிட்டது. உயிர் பிழைத்த சில குழந்தைகள் படகில் ஏறிப் போகிறார்கள். நீரில் உடைந்த வயலின் ஒன்று கிடக்கிறது. ஒரு சிறுமி அதை எடுத்துக்கொள்கிறாள். பின் யோவான் நற்செய்தியின் தொடக்கத்திலிருந்து, இருளில் ஒளிரும் ஒளியைப் பற்றிய வசனம் திரையில் தோன்றுகிறது. சிறுமி எடுத்தது ஐரோப்பியரின் கருவிதான். ஆனால் அதை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவளே தேர்ந்து எடுத்தாள். நீதிமன்றத்தில் பாடிய சிறுவனுக்கு மறுக்கப்பட்ட உரிமை அது.

கேட்பவர் கடமை

1987-இல் அமெரிக்க அகாதமி விருது 'தி மிஷன்' படத்தின் இசைக்குக் கிடைக்கவில்லை. முன்னரே இருந்த ஜாஸ் படைப்புகள் பல இடம்பெற்ற வேறொரு படத்துக்கு அது போயிற்று. மோரிக்கோனே தம் மனக்குறையை மறைக்கவில்லை. 2007-இல் வாழ்நாள் சாதனைக்கான சிறப்பு விருதும், 2016-இல் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்கான விருதும் அவரை வந்தடைந்தன. 2020 ஜூலை 6 அன்று உரோமையில் காலமானார்.

இதனிடையே ஓபோவின் மெட்டு படத்தை விட்டு வெளியேறித் தன் வழியே நடக்கத் தொடங்கியது. 1998-இல் அதற்கு இத்தாலியச் சொற்கள் சேர்த்து சாரா பிரைட்மன் பாடினார். இன்று அது உலகெங்கும் இசை அரங்குகளில் ஒலிக்கிறது, திருமணங்களிலும் ஒலிக்கிறது. சார்ந்து நின்ற இசை தன் காலில் நின்றுவிட்டது, ஆகவே அது உயர்ந்த கலை என்று சிலர் இதைக் காட்டி வாதிடுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. படத்தை விட்டு வெளியேறியபோது அம்மெட்டு இனிமையைக் காத்துக்கொண்டது, அச்சத்தை இழந்துவிட்டது. மரத்தின் பின்னே நின்ற மனிதர் இல்லை. முறிந்த குழலும் இல்லை. தனித்து நிற்கும்போது அது அழகிய மெட்டு. ஊழியம் செய்தபோது அது ஓர் உண்மையைச் சொன்ன மெட்டு.

2015 ஜூன் மாதத்தில் உரோமையின் ஜெசு ஆலயத்தில் மோரிக்கோனேயின் திருப்பலி இசை ஒன்று முதன்முறையாக ஒலித்தது. 1773-இல் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814-இல் மீண்டும் நிறுவப்பட்டதன் இருநூறாம் ஆண்டு நினைவாக அது எழுதப்பட்டது. 'பிரான்சிஸ் திருத்தந்தையின் திருப்பலி இசை' என்ற அதன் பெயர், மார்செல்லுஸ் திருத்தந்தையின் பெயர் தாங்கிய பலெஸ்த்ரீனாவின் படைப்பை உடனே நினைவூட்டுகிறது. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் சிப்போலி ஆர்கன் வாசித்துவிட்டு விடைபெற்ற அதே ஆலயம் அது. தம் வாழ்நாள் முழுவதும் தனித்த இசையையும் பயன்பாட்டு இசையையும் பிரித்தே பேசியவர், முதுமையில் எழுதிய இப்பெரும் படைப்பும் பலிபீடத்துக்கு ஊழியம் செய்யும் இசையே.

நாம் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஊழியம் செய்வதால் இசை தாழ்வதில்லை. தான் யாருக்கு ஊழியம் செய்கிறது என்று அறியாதபோதே அது தாழ்கிறது. காட்சியில் இல்லாத உணர்ச்சியை இருப்பதாகக் காட்டும் பின்னணி இசையும், திருப்பலியில் சொல்லை மூழ்கடிக்கும் வாத்திய முழக்கமும் செய்யும் பிழை ஒன்றே. இரண்டும் தலைவரை மறந்து தம்மையே முன்னிறுத்துகின்றன. அடுத்த முறை ஒரு படத்தைப் பார்க்கும்போது, இசை எங்கே தொடங்குகிறது, எங்கே ஓய்கிறது, யாருடைய பக்கம் நின்று பேசுகிறது என்று சற்றே செவி கொடுத்துக் கேட்போம். நம் கண்ணீரை யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று அறிந்து அழுவது நல்லது.